மகள் ஓட்டிய விமானம்

அம்மாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. பின்னே? மகள் ஓட்டுகிற விமானத்தில் அம்மாவும் அப்பாவும் ஏறப்போகிறார்கள். தெருமுனைத் துணி தேய்க்கிறவர் முதல் மாடிவீட்டு டாக்டரம்மா வரை ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லியாயிற்று. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இது நிஜமாகவே பறக்கிற குஞ்சு, சொல்லாமல் என்ன செய்வாள்?

அப்பாதான் உம்மென்று இருந்தார். அந்த விமானம் போய்வருகிற அதே இரண்டு ஊருக்கும் நடுவே காலமெல்லாம் ராத்திரி பஸ் ஓட்டியவர் அவர். அறுநூறு கிலோமீட்டர், பதினோரு மணி நேரம். விமானத்துக்கு நானூற்றைம்பதுதான் என்று மகள் சொன்னபோது, மிச்சத்தை யார் வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள் என்று கேட்டார். மேலே மலையைச் சுற்ற வேண்டாம், நேராகப் போகலாம் என்று அவள் விளக்கினாள். மலையைச் சுற்றாமல் ஓட்டுவதெல்லாம் ஒரு ஓட்டா என்று முணுமுணுத்தார்.

மனிதர் எந்த டிரைவரையும் நல்லவிதமாகச் சொன்னதில்லை. ஒருவன் கிளட்சைக் கொல்கிறானாம், இன்னொருவன் பிரேக்கில் ஏறி நிற்கிறானாம். சொந்த மைத்துனன் கார் ஓட்டி வந்தாலும் இறங்கியதும் குறைதான். நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் பாருங்கள்! ஒரு வருஷமாக மகள் கூப்பிட்டும் ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தார். கடைசியில் அவளே டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு, அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துப்போனாள்.

"பரீட்சை வச்சவங்க எல்லாரும் பாஸ் போட்டாச்சும்மா. அப்பா ஒரு வார்த்தை சொல்லணும். அதுக்குத்தான் காத்துட்டிருக்கேன்."

விமானம் கிளம்புமுன் ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. தூரம் நானூற்றைம்பது கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஐம்பத்தைந்து நிமிடம். காய்ந்த துணியை எடுக்கச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாத பெண், இத்தனை பேரைப் பெல்ட் போடச் சொல்கிறாள். அத்தனை பேரும் போடுகிறார்கள்! அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பேசுவது தன் பெண் என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாள். முன்சீட்டுக்காரருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

மேகத்துக்கு மேலே வந்ததும், பெருமையைப் பங்குபோட இந்தப் பக்கம் திரும்பினால், அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பெண் ஓட்டுகிறாள், இந்த மனிதருக்குத் தூக்கம் கேட்கிறது! தொடையில் கிள்ளினாள். புரண்டு உட்கார்ந்து குறட்டையைத் தொடர்ந்தார். நடுவில் விமானம் கடகடவென்று குலுங்கியபோது அம்மா எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள், அவர் அசையவில்லை. சக்கரம் தரையைத் தொட்டதே தெரியாமல் விமானத்தை இறக்கினாள் மகள். அதையும் அவர் பார்க்கவில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகு மகள் தொப்பியோடு வந்தாள். வந்தவள் முதலில் அப்பா முகத்தைத்தான் தேடினாள். அம்மாவுக்கு வெட்கமும் ஆத்திரமுமாக வந்தது.

"கோவிச்சுக்காதடி. ஏறினதுல இருந்து இப்படித்தான். ஒண்ணையும் பாக்கல இந்த மனுஷன்."

சொல்லிக்கொண்டே அவரை உலுக்கப் போனவளின் கையை மகள் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் முட்டியது.

"வேற யாரு ஓட்டியாவது அப்பா தூங்கிப் பாத்திருக்கியாம்மா?"

அம்மா யோசித்தாள். இன்னொருவர் கையில் ஸ்டியரிங் இருந்தால் விடிய விடிய கண்கொட்டாமல் உட்கார்ந்து, வெறும் தரையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிற மனிதர். கல்யாணமான நாளிலிருந்து ஒருவரை நம்பியும் அவர் கண்ணை மூடியதில்லை.

துடைப்பத்தோடு உள்ளே வந்த ஆட்களை அம்மா கைகாட்டி நிறுத்தினாள்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள். "ஓட்டினவளோட அப்பா தூங்கறாரு."