ஒரு மணி நேரக் காட்டுக்கு முப்பத்தொரு சாமான்

முதுமலையில் வனத்துறை வேன் ஒரு மணி நேரம் காட்டைச் சுற்றிக் காட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆதிமூலம் போட்ட பட்டியலில் முப்பத்தொரு சாமான்கள் இருந்தன. நில அளவைத் துறையில் வரைவாளர் என்பதால் கட்டம் போட்டு, சிவப்பு மையில் வரிசை எண் கொடுத்திருந்தார். பாம்புக் கடிக்கு ஒன்று, அட்டைக் கடிக்கு ஒன்று, யானை துரத்தினால் ஊத ஒரு விசில். விசில் சத்தம் கேட்ட யானை என்ன செய்யும் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.

அது 1999 வைகாசி. திருவண்ணாமலையில், செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், கிரிவலப் பாதைக்குக் கூப்பிடு தூரத்தில் அவருடைய வீடு. மலை சுற்ற வருகிறவர்களுக்கு இதைவிட வசதியான இடத்தில் ஒரு சொந்தக்காரன் அமைய முடியாது. மாதா மாதம் பௌர்ணமிக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து அண்ணன் சின்னசாமி குடும்பம் வரும். போளூரிலிருந்து தங்கை ரேணுகாம்பாள் குடும்பம் வரும். அவர்களோடு பஸ்ஸில் பழக்கமானவர்களும் வருவார்கள். மதியம் சாப்பிடுவார்கள். சாயங்காலம் காபி குடித்துவிட்டு, செருப்பை இங்கே விட்டு மலை சுற்றப் போவார்கள். விடியலில் திரும்பி வந்து வெந்நீர் கேட்பார்கள். புண்ணியம் அவர்களுக்கு; வெந்நீர் ஆதிமூலத்தின் மனைவி எழிலரசிக்கு. கிரிவலப் பாதைக்கு இவ்வளவு பக்கத்தில் குடிவந்த ஒன்பது வருடத்தில் அவள் ஒரு பௌர்ணமிக்கும் மலை சுற்றியதில்லை.

ஆகையால், முதுமலை வனத்துறை விடுதி அறைக்கு எந்தத் தேதி போட்டு எழுதலாம் என்று ஆதிமூலம் கேட்டபோது, அவள் காலண்டரைப் பார்த்து ஒரு தேதி சொன்னாள். அறை ஒதுக்கி முத்திரையோடு பதில் வந்த பிறகுதான் அவர் காலண்டரைப் பார்த்தார்.

"அன்னிக்குப் பௌர்ணமி ஆச்சே."

"ஆமா. ஒரே ஒரு பௌர்ணமி நான் இந்த ஊர்ல இருக்கக் கூடாது. அவ்ளோதான் கேக்கறேன். வீட்ல நாம இருக்க மாட்டோம்னு உங்க ஜனத்துக்குச் சொல்லிடுங்க."

சொல்லிவிடுவதாக ஆதிமூலம் வாக்குக் கொடுத்தார். ஆனால் அண்ணனிடம் "வராதீங்க" என்று சொல்ல அவர் நாக்கு எந்தக் காலத்திலும் பழகியதில்லை. நாசூக்காக ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டியலில் இருந்த சாமான்களில் பதினான்கு வீட்டில் இல்லை. அவற்றை உறவினரிடமே இரவல் கேட்டுவிட்டால், ஆள் ஊரில் இருக்கமாட்டான் என்று புரிந்துகொள்ளாமலா போவார்கள்?

எஸ்.டி.டி. பூத்திலிருந்து அண்ணனிடம் பைனாகுலர் கேட்டார். தங்கையிடம் ஜெர்கினும் பிளாஸ்க்கும் கேட்டார். இருவரும் தட்டாமல் சரி என்றார்கள். "சொல்லியாச்சா?" என்று எழிலரசி கேட்டபோது சொல்லியாச்சு என்றார். அவர்கள் பதிலுக்குச் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. எப்படியும் பௌர்ணமிக்கு வருவோமே, கையோடு கொண்டுவந்து தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் வன விலங்குகளின் நலனே பேச்சாக இருந்தது. பளிச்சென்ற நிறம் மிருகங்களை மிரட்டும் என்று ஆபீஸில் யாரோ சொல்ல, பன்னிரண்டு வயது மகள் சிந்துஜாவின் ரோஸ் சுடிதாருக்குத் தடை வந்தது. வாசனை ஆகாது என்று எழிலரசியின் மல்லிகைப்பூவுக்கும் தடை வந்தது. தான் தினமும் பூசும் ஜவ்வாது பற்றி ஆதிமூலம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மிருகங்கள் பழகிக்கொள்ளும் போலிருக்கிறது.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வாசலில் இரண்டு ஆட்டோக்கள் வந்து நின்றன. வழக்கமாகப் பௌர்ணமியன்று மதியம் வருகிறவர்கள், தம்பிக்குச் சாமான் நேரத்தோடு கிடைக்க வேண்டுமே என்ற அக்கறையில் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். மொத்தம் பதினொரு பேர். சின்னசாமியின் கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. ரேணுகாம்பாள் கொண்டுவந்த ஜெர்கின் நல்ல ஆரஞ்சு நிறம்.

எழிலரசி உலை வைத்தாள்.

சாப்பாடு முடிந்ததும் பஞ்சாயத்து தொடங்கியது. வந்த ஜனத்தை விட்டுவிட்டுப் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ரேணுகாம்பாள் வருத்தப்பட்டாள். பெரியவர் என்ற முறையில் சின்னசாமி தீர்ப்புச் சொன்னார்.

"டேய் ஆதி, நீ ஏன்டா போவாம இருக்கணும்? பொண்ணைக் கூட்டிக்கினு போயிட்டு வா. எழிலு மட்டும் இருக்கட்டும். எது எங்க இருக்குதுனு எங்களுக்கு என்னா தெரியும்?"

பதினொரு பேருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆதிமூலம் மனைவியைப் பார்த்தார். "ரெண்டே நாள்தானே..." என்று இழுத்தார்.

எழிலரசி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அரிசி டிரம்முல இருக்குது மாமா. வெந்நீர் அண்டா பின்னால இருக்குது. மத்ததெல்லாம் உங்க தம்பிக்குத் தெரியும். ஒன்பது வருஷமா இந்த வீட்லதான் சாப்பிடறாரு."

யாரும் சிரிக்கவில்லை. ஆதிமூலம் கடைசியாகத் தன் உத்தியோக ஆயுதத்தை எடுத்தார். கடிதம் தன் பெயருக்கு வந்தது, தான் இல்லாமல் அறை தர மாட்டார்கள் என்றார்.

"'ஆதிமூலம் மற்றும் குடும்பத்தினர்'னு போட்டிருக்குது. நீங்க உங்க குடும்பத்தைப் பாருங்க. நாங்க ரெண்டு பேரு போய் கேட்டுப் பாக்கறோம்."

விடியலில் அவளும் சிந்துஜாவும் ஒரே ஒரு துணிப்பையோடு கிளம்பினார்கள். முப்பத்தொரு சாமான்களும் கூடத்தில் வரிசை எண் மாறாமல் இருந்தன. சிந்துஜா ரோஸ் சுடிதார் போட்டிருந்தாள். வாசல்வரை வந்த ஆதிமூலம், அண்டாவுக்கு எத்தனை குடம் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டார். "ஜனத்தைப் பொறுத்து" என்றாள் எழிலரசி.

முதுமலைக்கு மாறிப் போக ஏறிய பெங்களூர் பஸ்ஸில் முக்கால்வாசி சீட் காலி. எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் படிக்கட்டு வரை கூட்டம் தொங்கியது. எல்லாரும் உள்ளே வருகிற நாளில் இவர்கள் வெளியே போவதைக் கண்டக்டர் வினோதமாகப் பார்த்து, எந்த ஊர் என்று விசாரித்தார். இந்த ஊர்தான் என்று சொன்னதும் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

"அம்மா, அவ்ளோ தூரம் போயி ஒரு மிருகமும் வரலன்னா?" என்றாள் சிந்துஜா.

"யாரும் வரலன்னா ரொம்ப நல்லது."

செங்கத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. யாரோ போட்ட டீயை, எழுந்திருக்காமல், ஜன்னல் வழியாக வாங்கிக் குடித்தாள் எழிலரசி. ஆறிப்போயிருந்தது. இன்னொன்று கேட்டாள்.