வெடிக்காமல் போன ஒன்று

தொழிற்சாலைச் சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில் ஒட்டாவா பாராளுமன்றம் எழும்பி நின்றது. ஆளுங்கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரர், காலையில் ஒருவரையொருவர் பொய்யர் என்று ஏசிக்கொண்டவர்கள், எல்லோரும் சேர்ந்து கை தட்டினார்கள். உக்ரைனுக்கு இன்னும் ஆயுதம் அனுப்பும் தீர்மானத்தை எதிர்த்து ஒரு வாக்குக்கூட விழவில்லை என்று கீழே எழுத்து ஓடியது. செலீன் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள். அந்தக் கட்டிடத்தை அவளுக்கு வெளிப்பக்கமாய்த் தெரியும். இரண்டாயிரத்து ஒன்பது சித்திரையில், வன்னிப் போரை நிறுத்தச் சொல்லி, அதற்கு முன்னால் ஈரப் புல்லில் பதினொரு நாள் இருந்திருக்கிறாள். உள்ளே பச்சைக் கம்பளம் விரித்திருக்கிறார்கள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"எல்லாருக்கும் முழங்கால் நல்லாத்தான் வேலை செய்யுது," என்றார் தில்லையம்பலம் அண்ணை. போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், அதே புல்லில் இருந்தவர். "எங்கட நேரம் ஒருத்தருக்கும் எழும்பேலாமல் கிடந்தது. வாதமாக்கும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். மூலை மேசையில் லெஸ்யா இருந்தாள். உக்ரைனில் கார்கிவ் நகரத்திலிருந்து வந்து மூன்று வருடமாய் இங்கே வேலை செய்கிறவள். தொலைக்காட்சியைப் பார்த்தபடி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணை அதைக் கண்டுவிட்டுக் குரலை இறக்கினார்.

"அந்தப் பிள்ளையைச் சொல்லேல்லை."

"ஓம் அண்ணை. தெரியும்," என்றாள் செலீன்.

ஸ்காபரோவில் அந்தத் தொழிற்சாலை முப்பது வருடமாய் டிராக்டருக்குப் பாகங்கள் செய்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா வரி கூட்டிய பிறகு ஓர்டர் குறைந்து, நான்கு மாதமாய் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. அதனால்தான் சுப்பவைசர் கீதன் அன்று பின்னேரம் சிரித்த முகத்தோடு வந்தான்.

"குட் நியூஸ், அன்ரி. உக்ரைன் கொன்ட்ராக்ட் வந்திட்டுது. ரெண்டு பக்கமும் வோட் பண்ணினபடியா எலெக்ஷன் வந்தாலும் உது நிக்காது."

ஒரு பித்தளைத் துண்டை அவளுடைய மேசையில் வைத்தான். கோழி முட்டையளவு, அடியில் திருகு வெட்டியிருந்தது. செலீன் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"உது ஷெல்லின்ர மூக்கு."

கீதன் கொஞ்சம் தடுமாறினான். "நாங்கள் பியூஸ் எண்டு சொல்லுவம், குண்டை வெடிக்க வைக்கிறது. எப்பிடித் தெரியும்?"

"ஒண்டைக் கிட்டத்திலை பாத்திருக்கிறன்."

"செக்கிங்குக்கு உங்கட கண்தான் வேணும், அன்ரி. பதினைஞ்சு வருஷத்திலை நீங்கள் பாத்து விட்ட சாமான் ஒண்டும் திரும்பி வரேல்லை. வெள்ளிக்கிழமைக்குள்ள புது லைனுக்கு சைன் பண்ணுங்கோ. பழைய லைன் மூடுறாங்கள். சைன் பண்ணாட்டி என்னாலை ஒண்டும் செய்யேலாது, சொறி."

டோர்செட் பார்க் அடுக்குமாடியில், ஒன்பதாம் மாடியில், அவளுடைய புருஷன் சீமோன் ஜன்னலோரம் இருந்தார். பாரிசவாதம் வந்து இடது கை விளங்காமல் போனவர். அவருடைய ஆறு வகை மருந்துக் குளிசையும் செலீனின் வேலை இன்சூரன்ஸில்தான் வருகிறது. அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. அவள் புட்டைப் பிசைந்து அவருக்கு முன்னால் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"குருநகரிலை எங்கட குசினியிலை விழுந்தது ஞாபகமிருக்கோப்பா? நான் உங்களுக்குச் சொன்னது."

"வெடிக்காதது."

"ஓம். கூரையைப் பிரிச்சுக்கொண்டு வந்து அடுப்புக்குப் பக்கத்திலை குத்திக்கொண்டு நிண்டது. அம்மா, நான், ரெண்டு சின்னனுகள், எல்லாரும் அந்தக் குசினிக்குள்ள. பிறகு கிண்டி எடுக்கேக்கைதான் மூக்கைப் பாத்தன். இதே பித்தளை. அம்மா சாகும்வரைக்கும் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினவா. நானும் கொளுத்திறன்."

"அந்தோனியார் காப்பாத்தினவர்."

"இண்டைக்கு கீதன் அந்தச் சாமானைக் கையிலை தரேக்கை யோசிச்சன். எங்கையோ ஒரு நாட்டிலை, என்னைப்போல ஒருத்தி மேசையிலை இருந்து, அண்டைக்குச் சரியாய்ப் பாக்காமல் ஒண்டை விட்டிருக்கிறாள். வீட்டிலை பிள்ளைக்குக் காய்ச்சலோ என்னவோ. அந்த மனிசிக்கு ஒரு நாளும் ஒரு திரி கொளுத்தேல்லையே."

சீமோன் புட்டைக் கரண்டியால் ஒதுக்கினார். சிரிக்கிறாரா என்று பார்த்தாள். அவருடைய முகத்தில் ஒரு பக்கந்தான் அசையும், அதில் ஒன்றும் தெரியவில்லை.

"வேண்டாமெண்டு சொல்லு. நாங்கள் எப்பிடியாவது பாப்பம்," என்றார். பிறகு குளிசைப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இந்த மாதக் குளிசை முடியட்டும்," என்றார்.

மறுநாள் வேலை முடிந்து பஸ் தரிப்பில் லெஸ்யாவும் அவளும் நின்றார்கள். ரோட்டோரத்துப் பனி கறுத்துப் போயிருந்தது. இருவரும் பேசுவது உடைந்த ஆங்கிலம். ஒருத்தியின் பிழை மற்றவளுக்குப் பிழையாய்த் தெரியாது.

"புது லைனில் நீ பார்க்கப் போகிறாய் என்று கீதன் சொன்னான்," என்றாள் லெஸ்யா. "என் தம்பி பீரங்கிப் படையில் இருக்கிறான். போன வருஷம் அவர்களுக்கு வந்த ஷெல்லில் பத்துக்கு மூன்று வெடிக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வந்ததெல்லாம் வெடித்தது. நீ பார்த்தால் நான் நித்திரை கொள்ளுவேன்."

செலீன் குசினிக் கதையைச் சொன்னாள். பேசத் தெரிந்த ஆங்கிலம் அடுப்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மிச்சத்தைக் கையால் காட்டினாள். மேலேயிருந்து கீழே, பிறகு விரித்த உள்ளங்கை: ஒன்றுமில்லை.

லெஸ்யா அந்த உள்ளங்கையைப் பார்த்தாள். "யார் அனுப்பினது?"

"எங்கள் அரசாங்கம் அடித்தது. செய்தது எந்த நாடு என்று தெரியாது."

"அங்கேயும் எழும்பி நின்று கை தட்டியிருப்பார்கள்," என்றாள் லெஸ்யா.

பஸ் வந்தது. ஒரே ஆசனத்தில், ஆளுக்கொரு பையை மடியில் வைத்துக்கொண்டு, லோரன்ஸ் சந்தி வரைக்கும் போனார்கள்.

வெள்ளிக்கிழமை செலீன் கையெழுத்து வைத்தாள். கீதன் பேனையைத் திரும்ப வாங்கும்போது நன்றி சொன்னான். அவள் மேசைக்குத் திரும்பிப் போனாள்.

அடுத்த மாதம் புதிய லைன் ஓடத் தொடங்கியது. லெஸ்யா திருகு வெட்டும் மெசினில் நின்றாள். வெட்டியது தட்டில் வரும். செலீன் ஒவ்வொன்றாய் எடுத்து, இரண்டு முனையுள்ள அளவுமானியை அதன் திருகில் திருக வேண்டும். பச்சை முனை உள்ளே போக வேண்டும், சிவப்பு முனை போகக் கூடாது. சரியானது நுரைப் பெட்டிக்குள், பிழையானது பக்கத்திலிருக்கும் இரும்புத் தொட்டிக்குள். டிராக்டர் சாமானுக்கும் இதே வேலைதான் செய்தாள். பத்து மணிவரைக்கும் எல்லாம் சரியாய் வந்தது. கை தானாய் ஓடியது, அவளும் எதையும் நினைக்கவில்லை.

பிறகு ஒன்று வந்தது. பச்சை முனை மூன்று சுற்றுப் போய் நின்றது. எண்ணெய் துடைத்துத் திரும்பத் திருகினாள். அதே இடத்தில் நின்றது. கண்ணுக்குப் பார்த்தால் மற்றவற்றுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. நுரைப் பெட்டிக்குள் வைத்தால் யாருக்கும் தெரியாது. எங்கேயோ ஒரு கூரையைப் பிரித்துக்கொண்டு போய் அடுப்புக்குப் பக்கத்தில் சும்மா நிற்கும். அல்லது லெஸ்யாவின் தம்பி அதைச் சுட்டுவிட்டு, வெடிக்கிற சத்தத்துக்காகக் காத்திருப்பான். பித்தளை உள்ளங்கையில் சூடேறியது. தட்டில் அடுத்தது வந்து கிடந்தது, அதற்கடுத்ததும் வந்தது. மெசினுக்கு அந்தப் பக்கமிருந்து லெஸ்யா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

செலீன் அதை இரும்புத் தொட்டிக்குள் போட்டாள்.

தொட்டி வெறுமையாய் இருந்தபடியால் சத்தம் பெரிதாய்க் கேட்டது. ஷெல் வருகிறபோது வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காது பறந்துவிடும். சின்ன வயதில் குருநகரில் பழகியது. செலீனின் வாய் தானாய்த் திறந்துகொண்டது. மெசினின் பின்னால், கையில் எண்ணெய்த் துணியோடு, லெஸ்யாவின் வாயும் திறந்திருந்தது. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.