ஹெஸ்டரின் மூத்த மகள்

கல்லில் படிந்திருந்த பாசியை ஜெபதாஸ் கார்ச் சாவியின் முனையால் சுரண்ட ஆரம்பித்தபோதே ஜெயசெல்வி தடுத்திருக்கலாம். அவளுக்குக் கால் வலித்தது. காலையிலிருந்து குனிந்து குனிந்து கல்லறைக் கற்களைப் படித்ததில் இடுப்பு மரத்துப்போயிருந்தது. அக்டோபர் மாதத்து ஈர இலைகள் ஷூவின் அடியில் தடிமனாக ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் யாரோ காலைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. ஜோனாஸின் கல் கிடைத்துவிட்டது. அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அதன் பக்கத்தில் பாதி மண்ணுக்குள் இறங்கிக் கிடந்த சின்னக் கல்லைக் காட்டி, "இந்த ஒண்ணையும் பாத்துட்டுப் போயிருவோம்" என்று சொன்னது ஜெபதாஸ்தான்.

மிஸஸ் விட்லாக்குக்காக வந்திருந்தார்கள். மான்மவுத் ஜங்ஷனில் இவர்களுடைய வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக வசிக்கும் கிழவி அவள். பார்வை மங்கிக்கொண்டே வந்தது. சர்ச்சில் பழக்கமானபோது, ஜெயசெல்வி ஊரில் சரித்திரத்தில் எம்.ஏ. படித்தவள் என்று தெரிந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் படிப்பு யாருக்காவது தேவைப்படும் என்று ஜெயசெல்வியே நம்புவதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து வாரத்தில் சில பகல்கள் அந்த வீட்டில் பழைய காகிதங்களை வாசித்துக் காட்டுவதும் டைப் அடிப்பதுமாகப் போயின.

ஜோனாஸ் என்பவர் ஏறக்குறைய முந்நூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து, காட்டை வெட்டி நிலமாக்கியவர். மிஸஸ் விட்லாக்கின் வம்சத்துக்கு மூலவர். மிஸஸ் விட்லாக் வைத்திருந்த வம்சப் படத்தில் அவருடைய அப்பா, தாத்தா என்று அந்தப் பக்கம் கிளை கிளையாகப் போகும். இந்தப் பக்கம் மனைவி ஹெஸ்டர். யாருடைய மகள், எந்த ஊர், ஒன்றும் கிடையாது. அவள் பெயருக்கு மேலே பென்சிலால் போட்ட ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. அவள் பிரெண்டிஸ் குடும்பத்தின் கடைசி மகள் என்பது மிஸஸ் விட்லாக்கின் நம்பிக்கை. அது நிரூபணமானால் அந்தக் குடும்பத்தின் வாரிசுப் பெண்கள் நடத்தும் சங்கத்தில் அவளுக்கு இடம் உண்டு. அவளுடைய அம்மா கேட்டுக் கிடைக்காமல் போன இடம் அது. அடுத்த மாதம் சங்கம் கூடுகிறது.

ஆதாரம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. பிரெண்டிஸின் மனைவி பெயர் மெர்சி. ஹெஸ்டர் தன் மூத்த மகளுக்கு வைத்த பெயரும் மெர்சி. பேத்திக்குப் பாட்டியின் பெயர். "எங்க ஊர்லயும் அப்படித்தான் வைப்போம்" என்று ஜெயசெல்வி சொன்ன அன்று கிழவிக்கு முகமெல்லாம் மலர்ந்து, எழுந்து போய் அவளே டீ போட்டுக்கொண்டு வந்தாள். அன்று ஜெயசெல்விக்குத் தன் வீட்டு ஞாபகம் வரவில்லை. அல்லது வந்திருக்கும்; ஓரமாக உட்கார் என்று சொல்லியிருப்பாள்.

சிவப்பு மணற்கல்லிலிருந்து பாசி பட்டை பட்டையாக உதிர்ந்தது. ஜெபதாஸ் உள்ளங்கையால் துடைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். "மெர்சி." கொஞ்சம் நிறுத்தினார். "வைஃப் ஆஃப் ஜோனாஸ்."

"வருஷம் இருக்கா?"

இருந்தது. அவள் இறந்தது, ஹெஸ்டருக்கு மூத்த மகள் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால்.

"ஹெஸ்டர்தான அவருக்கு வைஃப்?" என்றார் ஜெபதாஸ்.

"அதுக்கு முன்னாடி இவ இருந்திருக்கா. புள்ளைக்கு வச்சது இவ பேரா இருக்கும்."

அவர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். "சரி, இதப் போய் அவங்ககிட்ட சொல்லணுமாக்கும்?"

"வேற என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"எம்பது வயசுக் கிழவி. இருக்கப்போறது இன்னும் கொஞ்ச காலம். சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமே. ரெண்டு மெர்சி இருக்கக் கூடாதா? கோஇன்சிடென்ஸா இருக்கும். ரெண்டாந்தாரமா வந்தவ எவளாவது மூத்தவ பேரப் புள்ளைக்கு வைப்பாளா?"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவருக்கே கேட்டது. கல்லைப் பார்த்தார். பிறகு சாவியைப் பார்த்தார். ஜெயசெல்வி வேலிக்கு வெளியே நின்ற காரைப் பார்த்தாள். பின்சீட்டில், காதில் வாக்மேனை மாட்டிக்கொண்டு, ஜன்னலில் மூச்சுவிட்டு விரலால் எதையோ வரைந்துகொண்டிருந்தாள் மகள் ஞானமணி.

ஜெபதாஸின் முதல் மனைவி பெயரும் ஞானமணி. கல்யாணமான அடுத்த வருடம், அவர் இங்கே படிக்க வந்திருந்த சமயத்தில், பாளையங்கோட்டையில் மஞ்சள்காமாலையில் இறந்துபோனாள். அதன் பிறகு வந்தவள் ஜெயசெல்வி. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது சர்ச் ஐயர் பெயர் கேட்டார். குழந்தையை ஏந்தியிருந்தவள் ஜெயசெல்வி. பதில் சொன்னது மாமியார். சபையில் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எவ்வளவு பெரிய மனசு என்று பிறகு எல்லோரும் ஜெயசெல்வியின் கையைப் பிடித்துச் சொன்னார்கள். மனசை யாரும் கேட்கவில்லை என்பதை அவள் சொல்லவில்லை. ஜெபதாஸ் அந்தக் குழந்தையைப் பாப்பா என்று மட்டும்தான் கூப்பிட்டார், இன்றைக்கும். அந்தப் பெயரை வீடு முழுக்க, சாப்பிட, குளிக்க, தூங்க என்று ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சத்தம் போட்டுக் கூப்பிடுவது ஜெயசெல்விதான். அது அப்பாவின் அத்தை பெயர் என்று பிள்ளைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

காரில் ஏறியதும் ஞானமணி காதிலிருந்து வாக்மேனைக் கழற்றினாள். "மம்மி, டிட் யூ ஃபைண்ட் ஹெர்?"

"யார?"

"ஹெஸ்டர்."

"இல்லட்டி. வேற ஒருத்தங்கதான் இருந்தாங்க."

"ஹூ?"

ஜெபதாஸ் மழையில்லாத கண்ணாடியில் வைப்பரைப் போட்டார். அது கீச்சென்று ஒரு தடவை போய் வந்து நின்றது.

மிஸஸ் விட்லாக்கின் வாசலில் ஜெயசெல்வி இறங்கிக்கொண்டாள். நாளைக்குப் போகலாமே என்று ஜெபதாஸ் சொன்னது காதில் விழுந்தது. நாளைக்கு என்றால் பிறகு அது என்றைக்குமே இல்லை என்று அவளுக்குத் தெரியும். எதையும் தள்ளிப்போடும் தன் அலுப்பு அவளுக்கு நன்றாகப் பழக்கமானது.

கிழவி முழுவதையும் கேட்டாள். மடியில் இருந்த பூனையைத் தடவிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. முதல் மனைவி ஒருத்தி இருந்திருக்கலாம், அதனால் என்ன, என்றாள். ஹெஸ்டரின் மகளுக்கு வைத்த பெயர் பாட்டியுடையதுதான். எந்த மனைவியும் தன் வயிற்றில் பிறந்த முதல் பெண்ணுக்குச் செத்துப்போன மூத்தவளின் பெயரை வைக்க மாட்டாள். அது மனித சுபாவமே இல்லை, என்றாள்.

"வைப்பார்கள்" என்றாள் ஜெயசெல்வி.

உனக்கு எப்படித் தெரியும்?

ஜெயசெல்வி தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் செம்மண். கல்லை அவளும் தொட்டிருக்கிறாள். எப்போது என்று ஞாபகமில்லை. ஆங்கிலத்தில் சொல்வது சுலபமாக இருந்தது. யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது. "என் மகள் பெயர் அப்படித்தான்" என்றாள்.

பூனையைத் தடவிய கை நின்றது.

பிறகு மிஸஸ் விட்லாக் கேட்டாள்: நீயா வைத்தாய்?

"இல்லை."

அப்படியென்றால் ஹெஸ்டரும் வைத்திருக்க மாட்டாள், என்றாள் கிழவி, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கொஞ்சம் கழித்து, அவள் பிரெண்டிஸ் வீட்டுப் பெண் இல்லையென்றால் வேறு யாருடைய பெண்ணாக இருப்பாள் என்று கேட்டாள். சண்டை போடுகிற குரல் இல்லை அது. தொலைந்துபோன குழந்தையைப் பற்றி விசாரிக்கிற குரல்.

"தெரியவில்லை, மிஸஸ் விட்லாக். யாரும் சொல்லிவைக்கவில்லை."

கிழவி தலையாட்டினாள். டீ போடட்டுமா என்று கேட்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை வா என்றும் சொல்லவில்லை. ஆனால் ஜெயசெல்வி வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்து குரல் வந்தது. உன் மகளுக்குத் தெரியுமா?

இரண்டு தெருவையும் நடந்தே வந்தாள். வீடுகளின் வாசலில் பூசணிக்காய்கள் உட்கார்ந்திருந்தன. வீட்டில் ஜெபதாஸ் சமையலறை மேஜையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். படிக்கிற மாதிரித் தெரியவில்லை.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எதுவரைக்கும்?"

"எல்லாம்."

ஜெயசெல்வி கோட்டைக் கழற்றாமலே மாடிப்படியின் அடியில் போய் நின்றாள். "ஞானமணி."

எப்போதும்போல, அந்தப் பெயரைக் கேட்டதும், மாடியில் கதவு திறப்பதற்கு முன்னால், அவளுக்குப் பின்னால் பேப்பரின் சலசலப்பு நின்றது. இத்தனை வருடமாக அதைக் கேட்டுக்கொண்டே சமைத்திருக்கிறாள், துணி மடித்திருக்கிறாள். இன்றைக்குத்தான் திரும்பிப் பார்த்தாள். ஜெபதாஸ் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியைக் காலால் மெதுவாக வெளியே தள்ளினார். யாருக்கு என்று தெரியவில்லை.

ஞானமணி இறங்கி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "வாட்?" என்றாள். அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். மேஜைமேல் கிடந்த கார்ச் சாவியை எடுத்தாள். அதன் பற்களுக்குள் பச்சையாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது.

"ஈயூ! வாட் இஸ் திஸ்?"

கேட்டுக்கொண்டே, நாக்கின் நுனியைக் கடித்தபடி, நகத்தால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிண்டி எடுத்து வெள்ளை மேஜைவிரிப்பின்மேல் வைக்க ஆரம்பித்தாள்.