பச்சை பூசிய குழாய்

தொஃபஸலின் கால் நகங்கள் பத்தும் சதையோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. சனிக்கிழமை காலை, ஒரு கையில் நகவெட்டியும் மறு கையில் காகித உறையுமாக எலும்பு வார்டில் அவர் காலடியில் நின்றபோது எனக்குக் காணக் கிடைத்தது அதுதான். குதிகாலைக்கூடத் தேய்த்துக் கழுவி எண்ணெய் தடவியிருந்தார்கள். எடை கட்டி இழுத்து வைத்திருந்த இடது கால், கல்யாணத்துக்குக் கிளம்பிய மாதிரி மினுமினுவென்று இருந்தது. கட்டிலுக்கடியில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி ஜொமிலா என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நான் மெச்சப்போகிறேன் என்று நினைத்துவிட்டாள் பாவி.

"நேத்து ஜும்ஆ இல்லியா, ஆபா. நான்தான் வெட்டிவிட்டேன்." ஆபா என்றால் அக்கா.

வெள்ளிக்கிழமை நகம் வெட்டாதவர்கள் எங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? நானும்தான் வெட்டிக்கொள்கிறேன். அதனால்தான் புதன்கிழமையே படித்துப் படித்துச் சொன்னேன், நகத்தை மட்டும் தொட்டுவிடாதே, அது வளரட்டும், எனக்கு வேண்டும் என்று. அவள் நன்றாகத் தலையாட்டினாள். தலையாட்டுகிறவர்கள் எல்லாம் காதில் வாங்கிக்கொள்கிறார்கள் என்று நம்பியது என் புத்தி. சரி, வெட்டியதாவது எங்கே என்று கேட்டேன். ஆஸ்பத்திரி என்றால் நல்லவன் கெட்டவன் நாலு பேர் வந்துபோகிற இடமாம். யாராவது நகத்தைப் பொறுக்கிச் சூனியம் வைத்துவிட்டால் என்ன செய்வது என்று தாளில் மடித்து ஆற்றில் போட்டுவிட்டாளாம். மேக்னா ஆற்றில் போனதை நான் எந்த வலை போட்டு எடுப்பது? உறையை மடக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு வெராந்தாவுக்கு வந்துவிட்டேன். அவள் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும் போலிருந்தது.

என் வேலை இதுதான். டாக்டர் மஹ்ஃபூஸ் நடத்துகிற ஆராய்ச்சிக்காக ஊர் ஊராகப் போய் நகமும் தண்ணீரும் சேகரிப்பவள் நான். பூமிக்கடியிலிருந்து ஆர்சனிக் விஷம் ஏறிய தண்ணீரைப் பல வருஷம் குடித்தவர்களுக்கு எலும்பில் கட்டி கூடுதலாக வருகிறதா, முறிந்த எலும்பு சேருவதற்குச் சுணங்குகிறதா என்று பார்க்கிற ஆராய்ச்சி. ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களுக்கு ஆபரேஷன், உள்ளே வைக்கிற கம்பி, கட்டியை வெட்டி டாக்காவுக்கு அனுப்பிச் சோதிப்பது எல்லாமே அதன் பொறுப்பு. சேராதவர்கள் டாக்காவுக்குத் தாங்களாகப் போக வேண்டும். சரக்கு வண்டி மிதிக்கிற தொஃபஸலுக்கு டாக்காவும் ஒன்றுதான், நிலாவும் ஒன்றுதான்.

அவர் விழவே இல்லை. கரையிலிருந்து ஒரு அடி இறங்கி வைத்தார், தொடை எலும்பு மளுக்கென்று முறிந்துவிட்டது. எக்ஸ்ரேயில் பார்த்தால் முறிந்த இடத்தில் எலும்பு, கரையான் அரித்த கட்டை மாதிரி இருக்கிறது. பரவுகிற கட்டியா, சும்மா இருக்கிற கட்டியா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். பரவுகிற ஜாதியாக இருந்து நாளும் கடந்துவிட்டால் இடுப்போடு காலை எடுக்க வேண்டிவரலாம், அதற்குப் பிறகும் உத்தரவாதமில்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னார். ஆராய்ச்சியில் இரண்டு பிரிவு. நல்ல தண்ணீர் குடித்தவர்களின் பிரிவு நிரம்பிவிட்டது. விஷத் தண்ணீர் குடித்தவர்களின் பிரிவு வரும் வியாழக்கிழமை சாயங்காலத்தோடு மூடுகிறது. தொஃபஸலின் உள்ளங்கையில் அரிசி அரிசியாகக் காய்த்திருப்பதைப் பார்த்தால் எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், இது தண்ணீரின் வேலை என்று. டாக்காக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், வண்டிக்காரன் கை காய்க்காமல் என்ன செய்யும் என்பார்கள். குடித்த விஷம் கால் நகத்தில்தான் வேறு அழுக்கு கலக்காமல் தங்கும், அது வேண்டும். அல்லது அந்த வீட்டு அடிகுழாயில் நானே நேரில் நின்று பிடித்த தண்ணீர் வேண்டும்.

கல்யாண வேலை இருக்கிறது என்று ஜொமிலா தம்பியைக் காவல் வைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை அவர்களுடைய ஒரே மகள் முக்தாவுக்கு நிக்காஹ். திங்கட்கிழமை பேட்டரி ஆட்டோ பிடித்து அவள் பின்னாலேயே போனேன். முற்றத்தின் ஓரத்தில் குழாய், மூக்கிலிருந்து அடிவரைக்கும் பளிச்சென்று பச்சை. சோதித்துவிட்டு விஷக் குழாய்க்குச் சிவப்பும் நல்ல குழாய்க்குப் பச்சையும் அடித்துப் போனவர்கள் எங்கள் பக்கம் வந்து எத்தனையோ வருஷமாகிறது. ஊரில் எல்லாக் குழாயும் வெளுத்துப்போய்க் கிடக்க, இது மட்டும் நேற்றுப் பிறந்த மாதிரி நின்றது. சிமெண்டுத் தரையில் சொட்டிய பச்சையைச் சுரண்டக்கூட இல்லை. கைப்பிடியைக் காணோம். திருட்டுப் பயத்தில் கழற்றி வைத்திருக்கிறோம் என்றாள் ஜொமிலா. பட்டப்பகலில் எந்தத் திருடன் வருவான் என்று கேட்டதும் அவள் குரல் மாறிவிட்டது.

"குழாயைப் பாத்துட்டுத்தான் பொண்ணைப் பாத்தாங்க, ஆபா. மாப்பிள்ளையோட பெரியம்மா வாசல்ல நுழைஞ்சதும் நேராப் போயி குழாய் மூக்கைத் தடவிப் பாத்தா. அப்புறந்தான் எம் பொண்ணு மூஞ்சியப் பாத்தா."

இதற்கு முன்னால் வந்த இடம் சிவப்பைப் பார்த்ததும் பாக்குக்கூடப் போடாமல் திரும்பிப் போனதாம். படகுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டை அதற்கப்புறம்தான் அவள் வாங்கி வந்திருக்கிறாள். சிவப்புக் குழாய் வீட்டுப் பெண் என்றால் உடம்பில் புள்ளி விழும், பிள்ளை தங்காது, சீக்கிரம் படுத்துவிடுவாள் என்பார்கள். நான் பிறந்த வீட்டுக் குழாயும் சிவப்புதான். நாற்பது வயதாகிறது, எனக்காக ஒரு மஞ்சள் தட்டும் எங்கள் வாசல் ஏறவில்லை. ஆகவே ஜொமிலா சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் எரிச்சல் இன்னும் கூடியது. புருஷன் கால் போகட்டுமா என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை முடியட்டும். சனிக்கிழமை வந்து குழாய்க்கு மட்டுமில்ல, எந் தலைக்கும் சேத்துச் சிவப்பு அடிங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

வியாழக்கிழமையோடு முடிகிறது என்பதை எத்தனை விதமாகச் சொன்னாலும், டாக்டரிடம் இரண்டு நாள் கேளுங்கள் என்பதே அவள் பதில். திரும்பி வந்து கேட்டேன். நாள் குறித்தது தான் இல்லை, டாக்காவில் உட்கார்ந்திருக்கும் குழு என்றார் டாக்டர். அவரும் அவர்களிடம் இரண்டு முறை போனில் மன்றாடிப் பார்த்துவிட்டாராம். கடைசியில் ஒரு வழி சொன்னார். அதே குழாயில் குடித்து வளர்ந்த பெற்ற பிள்ளையின் நகமும் செல்லுமாம். முக்தாவின் நகம் என்றால் முக்தாவின் பெயர் போட்ட உறை. அதை அவள் அம்மாவிடம் போய்க் கேட்பதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்று. என் கால் நகத்தையே வெட்டிப் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு அந்த நினைப்புக்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

தொஃபஸலிடமே பேசிப் பார்ப்போம் என்று வார்டுக்குப் போனேன். மனைவிக்கு அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கைப்பிடி வெளியே வந்துவிடும். மச்சினன் டீ வாங்கப் போயிருந்தான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, ரெண்டு காலும் இருந்தப்ப மட்டும் எங்கே போய்ட்டேன், சந்தைக்குப் போனேன், வீட்டுக்கு வந்தேன் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது காலோடு நிற்குமா என்பதே தெரியாது என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்தக் கட்டி என்னைக் கொல்லுமா கொல்லாதா, உங்களுக்குத் தெரியுமா ஆபா?"

"தொறந்து பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப உங்களுக்கும் தெரியாது. குழாய் சிவப்புன்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன செய்வாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

படித்த மனிதன் பேசினால் சண்டை போடலாம், முட்டாள் பேசினால் விட்டுத்தள்ளலாம். பாசத்தில் பேசுகிறவனிடம் ஒன்றும் செய்ய முடிவதில்லை. அன்று முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். டாக்கா மேல் கோபம், ஜொமிலா மேல் கோபம், குழாய்க்கு நிறம் அடித்துவிட்டு வேறு தண்ணீருக்கு வழி செய்யாமல் போன புண்ணியவான்கள் மேல் கோபம்.

புதன்கிழமை முக்தா வந்தாள். நிக்காஹுக்கு முன்னால் அப்பாவின் காலைத் தொட்டு சலாம் சொல்லிவிட்டுப் போக அனுப்பியிருந்தார்கள். பத்தொன்பது வயசு இருக்கும், அப்பாவின் மூக்கு அப்படியே இருந்தது. அவரிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வெராந்தாவில் என்னைத் தேடி வந்தாள். நல்லவேளையாகத் தான் போன வெள்ளிக்கிழமை நகம் வெட்டவில்லை என்றாள். அப்பாவின் நகம் ஆற்றோடு போனது தெரிந்ததும் தன்னுடையதை எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாளாம். டாக்டர் சொன்ன வழி அவளுக்கு யாரும் சொல்லாமலே தோன்றியிருக்கிறது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் செருப்பைக் கழற்றினாள்.

பத்து விரலும் செக்கச்செவேலென்று மருதாணி.

மருதாணி, சாயம், பாலிஷ் எதுவும் ஏறிய நகம் சோதனைக்கு ஆகாது. யார் போட்டது என்று கேட்டேன். மாப்பிள்ளையின் பெரியம்மா இலை அனுப்பியிருந்தாள், அம்மா நேற்றுப் பிடித்து உட்காரவைத்து அப்பிவிட்டாள் என்றாள். கை போதாதா, கால் விரலுக்கும் எதற்கு என்று நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். கல்யாணப் பெண்ணைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? அவள் தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு வழியே இல்லையா என்றாள். உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், அதுவும் நான் நின்று பிடித்தது, நாளை சாயங்காலத்துக்குள் என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு எனக்கு மஞ்சள் பூசுறாங்க. வந்துருங்க ஆபா. பையையும் எடுத்துட்டு வாங்க."

போனேன். ஆற்றுக்கு அந்தப்பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டுத் தட்டாக மஞ்சளும் இனிப்பும் கொண்டு வந்திருந்தார்கள். ஒரு தட்டில் பெரிய ரோகு மீனுக்குப் பட்டுத் துணியில் புடவை கட்டி, மூக்கில் வளையம் மாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துப் பெண்கள் மாப்பிள்ளையைக் கேலி செய்து பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவே மணையில் மஞ்சள் புடவையில் முக்தா. பெரியம்மா என்றவள் கனத்த உடம்புக்காரி, வெற்றிலை போட்ட வாய். அவள்தான் முதலில் முக்தாவின் கன்னத்தில் மஞ்சள் பூசினாள். என் பையைப் பார்த்ததும் ஜொமிலாவின் முகம் செத்துப்போயிற்று. என் கையில் ஒரு தட்டுப் பலகாரத்தைத் திணித்து, தின்றுவிட்டுக் கிளம்புங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். நானும் தின்றேன். அத்தனை பேர் நடுவில் எனக்கு வாய் திறக்கத் துணிவு வரவில்லை. பேசாமல் போய்விடலாம் என்றே தோன்றியது.

முக்தா மணையைவிட்டு எழுந்தாள். மஞ்சள் காய்வதற்கு முன்னால் எழக்கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்காமல் உள்ளே போனாள். தானியப் பானைக்குள்ளிருந்து எடுத்திருக்க வேண்டும், தவிடு உதிர உதிரக் குழாய்க் கைப்பிடியோடு வெளியே வந்தாள். பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது. குழாயில் கைப்பிடியை மாட்டி ஆணியைச் செருகி அடிக்க ஆரம்பித்தாள். நாலைந்து அடிக்குப் பிறகு தண்ணீர் வந்தது. என்னைப் பார்த்து, பிடிங்க என்றாள். என் கால்கள் தாமாகப் போயின. பாட்டிலைக் குழாய் மூக்கில் பிடித்தேன்.

"என்ன பண்ணுது இந்தப் பொண்ணு?" என்றாள் பெரியம்மா.

குழாயடித்துக்கொண்டே முக்தா சொன்னாள். "எங்கப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணணும். இந்தத் தண்ணி கெட்டதுன்னு காட்டினாத்தான் பண்ணுவாங்க. கெட்டதுதான். பச்சை எங்கம்மா அடிச்சது."

ஜொமிலா இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளைத் தூக்கப் போகவில்லை. நான் பையிலிருந்த சோதனைப் பொடிகளைத் தண்ணீரில் போட்டு, சோதனைக் காகிதத்தைச் செருகி மூடியை இறுக்கிக் குலுக்கினேன். விஷம் இருந்தால் காகிதம் மஞ்சளாகும், ஏற ஏறப் பழுப்பாகும். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். மீன்மேல் ஈ மொய்த்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்களில் ஒருத்தி மெல்லத் தட்டுகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்க ஆரம்பித்தாள். முக்தா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பெரியம்மா எழுந்து வந்தாள். திட்டப்போகிறாள், பாட்டிலைத் தட்டிவிடப்போகிறாள் என்று அதை மார்போடு அணைத்துக்கொண்டேன். அவள் முழங்காலைப் பிடித்தபடி மெதுவாக என் பக்கத்தில் குந்தினாள். மூடிக்கடியில் வெள்ளைக் காகிதத்தின் ஓரம் மஞ்சளாவதை இரண்டு பேரும் பார்த்தோம். தன் ஆட்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முந்தானையால் வாயை மூடி, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"உன் பையில இன்னும் எத்தனை பாட்டில் இருக்கு?"

ஏன் என்று கேட்டேன். அவள் ஆற்றுக்கு அந்தப்பக்கம், தன் வீடு இருக்கிற திசையைப் பார்த்தாள். காகிதம் மஞ்சளைத் தாண்டிப் பழுப்பாகிக்கொண்டிருந்தது. அடித்தது போதும் என்று முக்தாவிடம் யாரும் சொல்லவில்லை. மஞ்சள் வழியும் கைகளால் அவள் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தாள், தண்ணீர் சிமெண்டுத் தரையை நனைத்துப் பெண்களின் செருப்புகளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.