கால்குலேட்டர் என்று ஒரு தகடு

கம்ப்யூட்டர் என்று வாயைத் திறந்தால் எந்த அலுவலகத்திலும் ஒரு குழு கூடிவிடும். விற்பனை வேலையில் சேர்ந்த புதிதிலேயே அவன் இதைத் தெரிந்துகொண்டான். கம்ப்யூட்டர் என்றால் அந்தக் காலத்தில் குளிரூட்டிய ஒரு முழு அறை. மேசைமேல் அடங்குகிற பெட்டிக்கும் அதே பெயரைச் சொன்னால் குழு கூடும், தேநீர் குடிக்கும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று கலையும். கால்குலேட்டருக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது, மேலாளர் கையெழுத்துப் போட்டால் போதும். ஆகவே அவனுடைய கம்பெனி பெட்டியின் நெற்றியில் 'மேசைக் கால்குலேட்டர்' என்று தகடு அடித்துக் காதும் காதும் வைத்தாற்போல் விற்றது. ஏமாற்று என்று யாரும் நினைக்கவில்லை. சாமர்த்தியம் என்றே நினைத்தார்கள், அவனும்தான்.

ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மட்டும் விஷயம் வேறு. அங்கே கணக்கு விவரங்களை அட்டைகளில் துளைகளாகப் பதியும் பஞ்ச் அறைக்கு அவனுடைய அக்காதான் தலைவி. கம்ப்யூட்டர் வாங்குவதானால் குழுவில் அவளையும் கேட்டாக வேண்டும். அவன் படித்ததே அவள் அட்டை அடித்த சம்பளத்தில்தான்.

அங்கிருந்து ஆர்டர் வந்த அன்று வீட்டில் சாப்பிடும்போது அக்கா கேட்டாள். "அது என்னடா பெட்டி, கம்ப்யூட்டரா?"

"சேச்சே, பெரிய கால்குலேட்டர்க்கா. பட்டன் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான்."

"வேலை போயிடுமோன்னு எங்க ரூம்ல எல்லாரும் பயந்து கெடக்கறாங்க. பயப்படாதீங்கன்னு சொல்லிடவா?"

"தாராளமா சொல்லு."

அவளும் சொன்னாள். தம்பி சொன்னால் அவளுக்கு வேறு சாட்சி வேண்டாம்.

பெட்டி வந்து இறங்கியது. பஞ்ச் அறை வாரக்கணக்கில் அட்டை அடித்துக் கொடுக்கும் பிரீமியக் கணக்கை மேலாளரின் உதவியாளர் சாப்பாட்டு மணிக்குள் முடித்துவிட்டார். மேலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இன்னும் சில பெட்டிகளுக்கு ஆர்டர் போட்டார். மாதக் கடைசியோடு பஞ்ச் அறையை மூடுவதாகவும் அறிவித்தார்.

கம்பெனியில் அவனுக்குக் கைகொடுத்துப் பாராட்டினார்கள். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. வீட்டில் அக்கா வழக்கம்போலச் சோறு போட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை, தட்டில் சோறாவது இறங்கியிருக்கும். தம்பி பொருள் விற்க அக்கா அறையையே விற்றுவிட்டாள் என்று அந்தப் பெண்கள் பேசுவதாக அவன் காதுக்கு வந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

கடைசி நாள் காலை நேராகப் பஞ்ச் அறைக்குப் போனான். அக்காவை மேலாளர் கூப்பிட்டிருந்தார். பெண்கள் இழுப்பறைகளைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவளான மூக்குக்கண்ணாடிக்காரியிடம் ஒரே மூச்சில் கொட்டினான்.

"அக்காவுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. கால்குலேட்டர்னு அவங்ககிட்ட பொய் சொன்னது நான்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "உங்க அக்கா நேத்தே சொல்லிட்டாங்க தம்பி. எல்லாம் தெரிஞ்சுதான் எங்களை நம்ப வச்சாங்களாம். தம்பிமேல புகார் எழுதிடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க."

"இல்லீங்க, அவங்க சொன்னதுதான் பொய்."

"கூடப் பொறந்தவங்களுக்காக இப்படித்தான் பேசுவாங்க. உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. வித்தது உங்க பொழப்பு. கூடவே உக்காந்து சாப்பிட்டவங்க செஞ்சாங்களே, அதுதான் ஆறல."

அவன் அடித்துச் சொன்னான், சத்தியம் செய்தான். அவன் பேசப் பேச அக்காமேல் அவனுக்கு எவ்வளவு பாசம் என்றுதான் அவர்கள் பார்த்தார்கள். ஒருத்தி அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தாள்.

அதற்குள் அக்கா வாசலில் வந்து நின்றாள். பெண்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். "வரேன் தம்பி" என்று அவனிடம் எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை.