கூடின எண்ணெய்

இனித் திரும்பிப் போவதில்லை என்று சாலிஹ் தோஹாவிலிருந்து வந்து இறங்கியபோது, அவனுடைய பெட்டிக்குள் அத்தர் இருந்தது, பால்மா இருந்தது, பிள்ளைகளுக்குச் சப்பாத்து இருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில், இரண்டு துவாயால் சுற்றிப் பக்குவமாகப் படுக்கவைத்த பெரிய போத்தல் ஒன்றில் கியர் எண்ணெயும் இருந்தது.

"வேனுக்கு," என்றான் மனைவியிடம். "நம்பர் அஞ்சு. நீங்க இஞ்ச ஊத்துறது நாலு. இது கூடினது புள்ள."

காத்தான்குடியில் 'கூடினது' என்ற சொல்லுக்கு மேல் பேச்சே இல்லை. புடவையோ பேரீச்சம்பழமோ, கடைக்காரர் 'இது கூடினது' என்று ஒரு தரம் சொல்லிவிட்டால் குறைந்ததைக் கையில் எடுக்க எவருக்கும் வெட்கம் வந்துவிடும். பஹீமா போத்தலை வாங்கிக்கொண்டு, "சந்தோசம் மச்சான்," என்றாள். சந்தோசம் கொஞ்சமும் இல்லை.

அந்தப் பள்ளிக்கூட வேன் சாலிஹ் அனுப்பிய காசில் வாங்கியது. ஓட்டுகிறவள் பஹீமா. முதலில் சம்பளத்துக்கு ஒரு ஆள் ஓட்டினான். அவன் சொல்லாமல் கொள்ளாமல் சவூதிக்குப் போன பிறகு, இவள் லைசன்ஸ் எடுத்துத் தானே ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பேசினார்கள். பேசிய வாய்களே பிறகு, "எங்கட மகளுக்கும் ஒரு சீற் தாங்க ராத்தா," என்று அக்கா முறை வைத்து வாசலில் வந்து நின்றன. பெண் பிள்ளைகளைப் பெண் ஓட்டும் வேனில் ஏற்றிவிட்டால் பெற்றாருக்கு நிம்மதி. விடியச் சவாரியில் ஒரு நாளும் இருக்கை காலியாகக் கிடந்ததில்லை.

நம்பர் அஞ்சைப் பற்றி அவளுக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஓட்டத் தொடங்கிய முதல் வருடமே, 'கூடினது' என்று ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி அதை கியர் பெட்டிக்குள் ஊற்றிப் பார்த்தவள் அவள். கொஞ்ச நாளில் மூன்றாம் கியர் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஆரையம்பதியில் கராஜ் வைத்திருக்கும் சுதாகரன் அந்த எண்ணெயை இறக்கினபோது, அதற்குள் பொன்தூள் மாதிரி மினுமினுவென்று பித்தளைத் துகள் மிதந்தது. இந்த வேனின் கியர் பெட்டிக்குள் பித்தளை வளையங்கள் உண்டு என்றும், அவை உரசிப் பிடித்தால்தான் கியர் சத்தமில்லாமல் விழும் என்றும் அவன் அப்போது சொன்னான். நம்பர் அஞ்சு பாரமான பற்சில்லுகளுக்கு என்று மருந்து கூடுதலாகப் போட்ட எண்ணெய். வளையத்தைப் பிடிக்கவிடாமல் வழுக்கும், போகப்போகப் பித்தளையையும் அரிக்கும். அன்றிலிருந்து கியர் பெட்டிக்குள் அவள் நாலைத் தவிர வேறொன்றை ஊற்றியதில்லை.

ஆனால் அவளை உறுத்தியது எண்ணெய் மட்டும் அல்ல. வந்த மறுநாளே சாலிஹ் ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "இனி நீ கஷ்டப்படத் தேவல்ல புள்ள. நான் வந்திட்டன்தானே. பள்ளிக்கூடம் திறக்கட்டும், நானே ஓடுறன்."

அன்பாகத்தான் சொன்னான். பஹீமாவுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரப்பட ஒரு நியாயமும் எடுத்துச் சொல்ல முடியாததால் இன்னும் அதிகமாக வந்தது. சாவியைத் திருப்பிக் கேட்டால் புருஷனை மதியாதவள் என்பார்கள். கேட்காவிட்டால், விடியற்காலையில் அவளுக்கென்று இருந்த அந்த ஒரு இருக்கையும் போய்விடும். பள்ளி விடுமுறை முடிய அதிக நாளும் இல்லை.

அவன் ஓட்டிய முதற்பயணம் ஏறாவூருக்கு, அவனுடைய உம்மாவைப் பார்க்க. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது கியர் பெட்டி 'கற்ர்ர்' என்று கத்தியது. கல்லடிப் பாலத்தில் கத்தியது, மட்டக்களப்பு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஆட்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தியது.

"எண்ணெய் சரியில்ல," என்றான் சாலிஹ். "நாலுதானே."

பஹீமா பார்த்தது அவனுடைய இடது காலை. தோஹாவில் அவன் கம்பெனிக்கு ஓடின கார்கள் எல்லாம் கிளச் இல்லாத ஓட்டோ கியர். பத்துப் பதினொரு வருடமாக அந்தக் காலுக்கு வேலையே இல்லை. இப்போது அது கிளச்சைப் பாதி தூரம் மிதித்துவிட்டு, போதும் என்று திரும்பி வந்துவிடுகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

ஏறாவூரில் மாமிக்கும் மச்சிமாருக்கும் எண்ணெயைப் பற்றி விளக்கம் நடந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்த நாள் காலையில் சாலிஹ் போத்தலை மடியில் வைத்துக்கொள்ளும்படி அவளிடம் கொடுத்து, வேனைச் சுதாகரனின் கராஜுக்கு விட்டான்.

இத்தனை காலமும் "ராத்தா, இதைப் பாருங்க, ராத்தா, பிரேக் தேஞ்சிட்டு," என்று அவளிடமே பேசிவந்த சுதாகரன், அன்று ஒரு புருஷனைக் கண்டதும் அவள் பக்கம் முகத்தையே திருப்பவில்லை. "வாங்க நானா, எப்ப வந்த நீங்க? இருங்க நானா," என்று அவனை அண்ணனாக்கிக் கதிரையைத் துடைத்துப் போட்டான்.

"கியர் கத்துது தம்பி. இந்த அஞ்சை ஊத்தினா சரிவரும்தானே?"

சுதாகரன் போத்தலைப் பார்த்தான். பஹீமாவை ஓரக்கண்ணால் பார்த்தான். "ஊத்தலாம் நானா. கூடின சாமான்தானே."

பாவி! பித்தளையை அரிக்கும் என்று சொன்ன வாயும் இதுதானா? பஹீமா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் தரையில் எதையோ தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டான்.

"முதல்ல உள்ளுக்கு இருக்கிறத இறக்குங்க தம்பி," என்றாள். "வெள்ளைப் பேசினுக்குள்ள இறக்குங்க, தூள் கிடந்தாத் தெரியும்."

எண்ணெய் இறங்கியது. அவள் குந்தி இருந்து விரலால் தொட்டுத் தேய்த்தாள். சாலிஹும் குந்தித் தொட்டுப் பார்த்தான். மினுக்கம் இல்லை, கருகல் இல்லை, போன வருடம் ஊற்றியது அப்படியே இருந்தது.

"சுத்தமாத்தான் இரிக்கி," என்றான் சாலிஹ். "அப்ப ஏன் கத்துது?"

"சில நேரம் வெக்கைக்கு..." என்று தொடங்கினான் சுதாகரன்.

அதற்கு மேல் பஹீமாவால் பொறுக்க முடியவில்லை. "வெக்கையும் இல்ல, எண்ணெயும் இல்ல. உங்கட கால் மச்சான். நீங்க கிளச்சை அடியோட மிதிக்கிறதில்ல."

சொன்ன பிறகுதான், அடுத்தவன் முன்னால் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. சாலிஹின் காது மடல் சிவந்துபோனது. சுதாகரன் துணியெடுத்துக் கையைத் துடைத்தான், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

"அப்ப நான் சுமந்திட்டு வந்தது?" என்றான் சாலிஹ் மெதுவாக.

"கூடினதுதான் மச்சான். இந்தப் பெட்டிக்குத்தான் அது கூடிப்போச்சி, பித்தளையைத் திண்டிரும். பின் அச்சு டிபரன்சலுக்கு அஞ்சுதான் வேணும். அதுக்குள்ள இந்த வளையம் ஒண்டும் இல்ல."

"ஓம் நானா!" சுதாகரனுக்கு உயிர் வந்தது. "அதுக்கு அஞ்சேதான். ராத்தா செல்றது சரி."

அது முகத்துக்காகச் சொன்னதல்ல, உண்மை. கியர் பெட்டிக்கு நாலை ஊற்றினார்கள். பின் அச்சுக்குத் தோஹாப் போத்தலை, சாலிஹ் தானே வேனுக்கு அடியில் படுத்து, துவாரத்தால் வழியும் வரைக்கும் ஊற்றினான். வெளியே வந்து முதுகு மண்ணைத் தட்டினான். சாவியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

கேட்காமலே கைக்கு வந்த சாவி. அவளுக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும்; வரவில்லை. வீட்டுக்குத் திருப்பாமல் வாவிக்கரை வீதியால் விட்டு, ஆளில்லாத இடத்தில் நிறுத்தினாள்.

"ஆக்களுக்கு முன்னால செல்லிப்போட்டன். பிழைதான்."

"செல்லாட்டி பெட்டி போயிருக்கும்," என்றான். சாவி இருந்த சட்டைப் பையைத் தடவினான். "வீடு ஒன்ட சீதன வீடு. இந்த ஊர் ஒன்ட ஊர். புள்ளைகள் எதுக்கும் ஒன்னத்தான் கூப்பிடுதுகள். வேனாச்சும் இரிக்கி எண்டு நினைச்சன் புள்ள. இனி நான் எதைப் பிடிச்சிட்டு நிக்கிற?"

இத்தனை நாளும் தன் சாவியைத் தவிர வேறெதையும் பஹீமா நினைக்கவில்லை. பெண் வீட்டில் வந்து சேருவதுதான் இந்தப் பக்கத்து மாப்பிள்ளைமாரின் வழக்கம். சேர்ந்த வீட்டில் இருக்காமலே இத்தனை வருடம் வெளியே நின்றுவிட்டு வந்தவனுக்கு அங்கே எந்த மூலை சொந்தம் என்று அவள் யோசித்ததே இல்லை. இருந்தாலும் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"விடியச் சவாரி என்ட. அதை நான் தரமாட்டன் மச்சான், இப்பவே செல்லிப்போட்டன். மத்தியானத்துக்குப் பிறகு வேன் சும்மாதான் நிக்கிது. புடவைக் கடைக்காரர் சாமான் ஏத்த ஆள் தேடித் திரியிறாங்க. அது உங்கட. முதல்ல கால் பழகட்டும். இறங்கி இஞ்சால வாங்க."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். "அடியோட... இன்னும்... தரை முட்ட மிதிங்க. ஓம், இப்பப் போடுங்க." முதலில் கத்தியது. பிறகு குறைவாகக் கத்தியது. தூரத்தில் தோணியில் வலை உதறிக்கொண்டிருந்த இருவர் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். சாலிஹும் சிரித்தான், ஆனால் காலை எடுக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று, கதவு திறந்து பிள்ளைகளை ஏற்றிவிடுகிறேன் என்று அவனும் கூட வந்தான். முன் இருக்கையில் புதிதாக ஒரு ஆணைக் கண்டதும், ஏறின சிறுமி ஒருத்தி நின்றுவிட்டாள்.

"டிரைவர் ராத்தா, இவரு ஆரு?"

பஹீமா வாய் திறப்பதற்குள் சாலிஹ் முந்திக்கொண்டான். "என்னையா கேக்கிற மகள்? நான் எல் போர்ட். ஒங்கட ராத்தாக்கிட்ட வேன் பழகுறன்."

வேன் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. பஹீமாவும் சிரித்தாள்; கண்ணும் கலங்கிவிட்டது. தொலைபேசியில் குரலாக இருந்த காலமெல்லாம் அவனை நல்ல மனிதன் என்று அவள் நினைத்திருந்தாள். அவன்மேல் ஆசை வந்தது அன்றைக்குத்தான்.