புள்ளியக்காவின் பொறுப்பு

போக்குவரத்துக் கழகத்தில் பேருந்து நேர அட்டவணைகளுக்கு மென்பொருள் எழுதும் அந்தப் பெண்மணியை அலுவலகத்தில் எல்லோரும் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்த நேரத்தில் அவள் இழுத்துப்போட்டுச் செய்த வேலையால் வந்த பெயர் அது. பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தைக் காகிதத்தில் புள்ளி புள்ளியாகக் குத்தித் தரும் பழைய இயந்திரம் ஒன்று உண்டு. அதைச் செய்த கம்பெனி எப்போதோ கடையைச் சாத்திவிட்டது. கணினி சொல்வது அந்த இயந்திரத்துக்குப் புரிய நடுவில் ஒரு சின்ன நிரல் வேண்டும், டிரைவர் என்பார்கள். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கான அந்த டிரைவர் அவள் எழுதியது.

படிப்பு முடித்த புதிதில், ஒரு வேகத்தில் எழுதினாள். லினக்ஸ் அப்போதே ஓரளவு வளர்ந்த பிள்ளை. தொண்ணூற்றொன்றில் ஒரு மாணவர் தன் கணினிக்கென்று அதன் கருவை, கெர்னல் என்பார்கள், எழுதத் தொடங்கி, யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும், திருத்தட்டும் என்று இணையத்தில் வைத்தார். அதற்கும் முன்பே வேறு சிலர், மென்பொருள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, கருவி கருவியாக எழுதிச் சேர்த்திருந்தார்கள். இரண்டும் சேர, ஒரு முழு இயங்குதளம் கிடைத்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கைகொடுத்தார்கள். இன்று வங்கி சர்வர்களிலும், பாதிப்பேரின் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியிலும் அந்தக் கருதான் ஓடுகிறது. அத்தனை பெரிய சங்கதியில் புள்ளியக்காவின் பங்கு ஒரே ஒரு கோப்பு. அதைப் பராமரிப்பவர் என்று அவள் பெயர் போட்டிருந்தது. கரு மாறும்போதெல்லாம் கோப்பையும் அதற்கு ஒத்துப்போகச் செய்யவேண்டும். யாராவது திருத்தம் அனுப்பினால் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

"வங்கியில ஓடுது, ராக்கெட்ல ஓடுதுன்னு பெருமை அடிக்கிறே. நீ எழுதினது எங்கதான் ஓடுது?" என்று கணவர் சீண்டுவார்.

"யாராவது சொன்னாத்தானே தெரியும்."

யாரும் சொன்னதில்லை. அவளிடமிருந்த இயந்திரமும் வீடு மாறியபோது பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதன்பிறகு ருசி பார்க்காமலே சமைப்பதுபோல, ஒரு நம்பிக்கையில்தான் திருத்திக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் வலது மணிக்கட்டு மக்கர் செய்தது. தட்டச்சைக் குறையுங்கள் என்றார் மருத்துவர். அலுவலகத்தில் குறைக்க வழியில்லை. பல வாரம் தள்ளிப்போட்டு, கடைசியில் லினக்ஸ்காரர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதினாள்: இந்த இயந்திரத்தை இன்னும் யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, அடுத்த பதிப்பில் டிரைவரை நீக்கிவிடலாமா?

அடுத்த நாளே, மதிய சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசி வந்தது. ஊரின் மறுகோடியில் ஒரு பிரெயில் அச்சகம் நடத்தும் அம்மாள் பேசினார்.

"உங்க மெயில் பார்த்தோம்மா. நம்பரும் அதுலதான் கிடைச்சுது. நாங்க அந்த மிஷினைத்தான் வச்சிருக்கோம். கம்ப்யூட்டர்ல அப்டேட் போட்டதுலேருந்து எல்லாப் பக்கமும் பாதியிலயே நின்னுபோகுது. பரீட்சை வினாத்தாள் அடிச்சாகணும். என்ன பண்றதுன்னே தெரியல."

புள்ளியக்கா சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். சில மாதங்களுக்கு முன் யாரோ ஒருவர், கோப்பைச் சுத்தப்படுத்தி இருக்கிறேன் என்று ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார். மருத்துவமனை வராந்தாவில் முறை வரக் காத்திருந்தபோது, கைப்பேசியிலேயே மேலோட்டமாகப் பார்த்துச் சரி சொல்லியிருந்தாள். அது ஊர் சுற்றி இப்போதுதான் அச்சகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதுவாகத்தான் இருக்கும்.

அரை நாள் விடுப்புப் போட்டாள். கணவர் வண்டி ஓட்டினார்.

"அங்க போனதும் வாங்கிக் கட்டிக்கப் போறேன்," என்றாள் வழியில்.

"நான் வேணா வண்டியிலயே இருக்கட்டுமா?"

"உள்ள வாங்க. திட்டுல பாதி உங்களுக்கு."

அச்சகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். தடித்த காகிதம் இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கியிருந்தது. சத்தம் கீழே கேட்காமலிருக்க இயந்திரத்தைச் சுற்றி மெத்தைத் துண்டுகளைக் கட்டியிருந்தார்கள். அதன் பக்கத்தில், ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு மெய்ப்பு பார்ப்பவர் உட்கார்ந்திருந்தார். பார்வையற்றவர், திரையில் உள்ளதைக் கணினி படித்துச் சொல்ல, கேட்டு வேலை செய்பவர். அந்தப் படிக்கும் மென்பொருளும் லினக்ஸோடு இலவசமாகக் கிடைத்ததுதான் என்றார் அச்சக அம்மாள்.

புள்ளியக்கா நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. லினக்ஸில் ஒரு நல்ல குணம், புதிய கருவைப் போட்டாலும் பழையதை உடனே தூக்கி எறியாது. கணினியை அணைத்து, மறுபடி இயக்கி, திரையில் வந்த பட்டியலில் பழைய கருவைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு வினாத்தாளை அனுப்பச் சொன்னாள்.

இயந்திரம் தடதடவென்று குத்த ஆரம்பித்தது. வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. ஒரு கணம் தயங்கி, மூச்சு வாங்குவதுபோல் நின்று, மறுபடி ஓடியது. முழுப் பக்கமும் வெளியே வந்து விழுந்தது. மெய்ப்பு பார்ப்பவர் அதை எடுத்துக் கடைசி வரி வரை விரலை ஓட்டினார்.

"முழுசா வந்துடுச்சு," என்றார்.

அச்சக அம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டார். "இனி அடிச்சு முடிச்சுடலாம்ல?"

"தாராளமா. ஆனா கோளாறு என்னன்னு கண்டுபிடிச்சாகணும். இல்லைன்னா வேற எங்கயாவது இதே மாதிரி நிக்கும்."

"நடுவுல கொஞ்சம் நின்னு அப்புறம் ஓடிச்சே, கவனிச்சீங்களா?" என்று மெய்ப்பு பார்ப்பவர் கேட்டார். "அது எப்பவும் அப்படித்தான். வயிறு நிறைஞ்சா கொஞ்சம் இளைப்பாறும்."

புள்ளியக்காவுக்குப் பிடி கிடைத்துவிட்டது. அனுப்பிய வரிகளால் இயந்திரத்தின் நினைவகம் நிறைந்ததும், பதில் சொல்ல அது தாமதிக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற எண்ணை, சுத்தப்படுத்தியவர் நல்ல எண்ணத்தில் குறைத்திருந்தார். அவசரக்காரக் கணினி அதற்குள் கைகழுவிவிட்டது. எண்ணைப் பழையபடி மாற்றி, புதிய கருவிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். பக்கம் பக்கமாக வந்தது.

இனித் தள்ளிப்போடக் கூடாது என்று, "தப்பு என்னோடதுதான். சரியா பார்க்காம ஒத்துக்கிட்டேன்," என்றாள்.

"அந்தத் திருத்தத்தை நானும் படிச்சேன் மேடம்," என்றார் மெய்ப்பு பார்ப்பவர். "எனக்கும் தப்பா படல."

"நீங்க அதையெல்லாம் படிப்பீங்களா?"

"உங்க கோப்பு பாதி எனக்கு மனப்பாடம். சாயங்காலத்துல நிரல் எழுதப் பழகினதே அதை வச்சுத்தான்."

அச்சக அம்மாள் குறுக்கிட்டார். "நியாயமா பார்த்தா நாங்கதான் உங்ககிட்ட சங்கடப்படணும். இத்தனை வருஷம் புத்தகம் புத்தகமா அடிச்சோம். உங்களுக்கு ஒரு வரி எழுதிப் போட்டோமா? இப்ப மிஷின் நின்னதும் போன் பண்றோம்."

கணவர் புள்ளியக்காவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். இந்தத் தடவை உட்கார்ந்தாள்.

"நீக்கவேண்டாம் மேடம்," என்றார் மெய்ப்பு பார்ப்பவர், இயந்திரத்தின் மேல் கை வைத்தபடி. "என் பேரைப் போட்டுடுங்க. நான் பார்த்துக்கறேன். மிஷினும் என் பக்கத்துலயே இருக்கு."

"தொல்லை பிடிச்ச வேலைங்க. யாராவது ஏதாவது அனுப்பிக்கிட்டே இருப்பாங்க."

"தெரியும். அந்தக் குழுவுல வர்ற சண்டை எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள். அங்கேயே இருவரும் சேர்ந்து திருத்தத்தை அனுப்பினார்கள். பராமரிப்பவர் பெயரை மாற்றும் வரியை அவர் தட்ட, அவள் சரிபார்த்தாள். இந்தமுறை எழுத்து எழுத்தாக.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். எங்கோ தூரதேசத்தில் ஒரு பார்வையற்றோர் பள்ளியிலிருந்து, டிரைவரில் ஒரு சந்தேகம் கேட்டு அஞ்சல் வந்திருந்தது. பதில் எழுத விரல் தானாகப் போனது. அதற்குக் கீழேயே மெய்ப்பு பார்ப்பவரின் பதில் இருந்தது. அவள் எழுதியிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டாள். ஆனால் சரியாகவே இருந்தது.

"என்ன, வேலையா?" என்றார் கணவர், தட்டுகளை வைத்தபடி.

"வேலைதான். எனக்கில்லை."

மடிக்கணினியை மூடிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.